சர்க்கரைப் பாகும் பிப்ரவரிக் கப்பலும்

1931 டிசம்பர் 19, சனிக்கிழமை. என் அக்காள் கணவர் மாரிஸ் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் நாகப்பட்டினம் கப்பல் ஏறினார். ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தபோது, பதினொரு வருடம் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்த அவரையும் நிறுத்திவிட்டார்கள். ரயில்வே கொடுத்த பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸை ஜனவரிக்குள் காலி செய்ய வேண்டும். அக்காளுக்குப் பிப்ரவரிக் கப்பலில் இடம் போட்டாயிற்று.

கப்பல் படியில் கால் வைத்தவர் அக்காளிடம் திரும்பினார். “மகதலேனா, கிளப்பு வேலை கெடைச்சா தந்தி அடி. அடுத்த கப்பல்லயே வந்துருவேன். இல்லேன்னா நீ வந்துரு.”

அக்காள் அழவில்லை. திரும்பும் ரயில் கிள்ளானைத் தாண்டியது. பிறகு, “வெரோனி, வெண்ணெயா, முட்டையா?” என்றாள். கேக் மேல் பூசும் ஐசிங்கைத்தான் கேட்டாள்.

வெள்ளைக்காரர் கிளப் சமையலறைக்கு ஒரு பெண் வேண்டும் என்றிருந்தார்கள். வேலையோடு பின்கட்டில் ஓர் அறையும் உண்டு. கிளப் காரியதரிசியின் மனைவியான துரைசானி, இருபத்துநான்காம் தேதி நாலு மணிக்குக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மேலே வெள்ளை ஐசிங் இருக்க வேண்டும். அக்காளின் கேக்கைக் குறை சொல்ல அந்த வரிசையில் ஆள் கிடையாது. ஆனால் எங்கள் வீடுகளில் கேக்கை வெறுமனேதான் வெட்டுவோம். ஆறு வருடம் வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஆயாவாகக் கொழும்பு, லண்டன், ரங்கூன் என்று சுற்றிவிட்டு நவம்பரில் திரும்பிய எனக்கு எல்லாம் தெரியும் என்று அக்காள் நம்பினாள். நான் ஐசிங்கைப் பார்த்ததோடு சரி. அதை அவளிடம் சொல்லவில்லை.

இந்த ஊர்ச் சூட்டில் வெண்ணெய் வழிந்துவிடும். ஆகவே முட்டை வெள்ளையும் மாவுச் சர்க்கரையும் என்று முடிவு செய்தோம். கடையில் மாவுச் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. “அரைச்சிட்டாப் போச்சு” என்றேன். ஆறு வீட்டுக்கும் பொதுவான அம்மியை அக்காள் தவிடு போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சீனியை அரைத்துச் சலித்தாள்.

இருபத்துநான்காம் தேதி மதியத்துக்குள் கேக் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. வெளியே மழை. அன்று ஒருசந்தி, திருநாளுக்கு முந்தின நாள் நோன்பு; அக்காள் ருசி பார்க்கவில்லை. “நாக்குல வச்சாலும் வச்சதுதான்” என்றாள். நானும் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு அடுத்த வீட்டு வள்ளியம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன மகதலேனா, கேக்குக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டியா?” என்று சிரித்தவள், “அம்மியிலயா அரைச்சே? நான் தெனம் மொளகா அரைக்கிற கல்லுல்லா அது! காரம் ஏறல?” என்றாள்.

அக்காள் என்னைப் பார்த்தாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு. பிறகு தொண்டையில் நெருப்பு.

“சொல்லுடி.”

“காரம்தான்க்கா.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் உடனே எழுந்து, கத்தியை எடுத்து, மேலே பூசியதை முழுக்கச் சுரண்டினாள். மணி இரண்டேகால். அரைத்த சர்க்கரை அத்தனையும் பாழ். முட்டை ஒன்றுதான் மிச்சம். வள்ளியம்மா ஓடிப்போய் இரண்டு கொண்டுவந்தாள். “எங்க கோழிக்கு ஒருசந்தி கெடையாது, எடுத்துக்க.”

ரங்கூனில் ஒரு சமையல்காரர், அடித்த முட்டை வெள்ளையில் கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றியது நினைவுக்கு வந்தது. அதற்கு அரைக்க வேண்டியதில்லை. சொன்னேன்.

“எவ்வளவு காய்ச்சணும்?”

“தெரியாதுக்கா. பார்த்திருக்கேன், செஞ்சதில்ல.”

“லண்டன்ல?”

“அங்கயும் இல்ல.”

திட்டியிருந்தால் தேவலை. “பாகுதானே” என்று சட்டியை அடுப்பில் ஏற்றினாள். “அதிரசத்துக்குக் காய்ச்சறவதான் நான். நீ வெள்ளைய அடி.”

பாகைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு முறை கரைந்துபோயிற்று. மூன்றாம் முறை மெத்தென்று உருண்டது. “நிறுத்தாத, அடி!” என்று கத்திக்கொண்டு மெல்லிய நூலாக ஊற்றினாள். என் தோள் விட்டுப்போயிற்று. நுரை பொங்கி, கெட்டியாகி, பட்டுபோல் மினுங்கியது. அள்ளிப் பூசினாள். சமமாகத் தேய்ப்பதற்குள் அது இறுகத் தொடங்கி, அங்கங்கே கூம்பாக நின்றது.

“இப்ப ருசி பாரு. உன் ஒருசந்திதான் ஏற்கெனவே போச்சே.”

இனிப்பு மட்டும்தான்.

ரிக்‌ஷாவில் குடை கேக்குக்கு, மழை எங்களுக்கு. கிளப் வராந்தாவில் துரைசானி ஒரு மெல்லிய துண்டு வெட்டி, எங்களை நிற்கவைத்துக்கொண்டே சாப்பிட்டாள். இன்னொரு துண்டும் வெட்டினாள். அக்காள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. துரைசானி விரலைத் துடைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது, சொல்லியனுப்புகிறேன் என்றாள்.

ஜனவரியில் அக்காள் மூன்று தடவை கிளப்புக்கு நடந்தாள். துரைசானி இல்லை என்றே காவலாள் சொன்னார். குவார்ட்டர்ஸில் புது ஆள் சாமான்களை இறக்கிய அன்றும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிப்ரவரி 6 அன்று கப்பல் ஏறினாள். நான் கிள்ளானில் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நவம்பர் கடைசியில், கிளப் சிப்பந்தி என்னைத் தேடிப்பிடித்துத் துரைசானியின் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது: “சமையலறை வேலையைப் போன டிசம்பர் முதல் வாரமே எங்கள் ஹைலாம் சீனச் சமையல்காரருக்குக் கொடுத்தாயிற்று. நல்ல ஆள். ஆனால் அந்த ஐசிங் மட்டும் அவருக்கு வரவில்லை. மகதலேனாவிடம் கேட்டு எழுதி அனுப்பு. கிறிஸ்துமஸுக்குள் வேண்டும்.”