றஹ்மத்தும்மா பேரில் ஒரு குழாய்

பிள்ளைகளே, கல்முனையிலிருந்து புறப்பட்டு வரிப்பத்தான்சேனைக்குக் கிட்ட, வயலோரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன். தாகத்தில் நாக்கு ஒட்டுகிறது. குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து கட்டியிருக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் நம் வீட்டுக் கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை. சுவரில், ‘மர்ஹூமா றஹ்மத்தும்மா நினைவாக’ என்று எழுதியிருக்கிறது. வழிப்போக்கர் குடிக்கக் குடிக்க மௌத்தாகி மறைந்தவருக்கு நன்மை சேரும் என்றுதான் நம்மவர்கள் இப்படிக் குழாய் வைக்கிறார்கள்.

கையை ஏந்தியதும் எதிர்வீட்டிலிருந்து ஒரு மனிதர் ஓடிவருகிறார்.

“தம்பி, குடிச்சிராதீங்க! என்ட பொஞ்சாதி பேர்ல நான்தான் இத வெச்ச.”

“பிறகு ஏன் காக்கா வேணாங்கிறீங்க?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கிறேன்.

“எங்கட கிணத்துத் தண்ணிதான் இதுல வாற. அவவும் இதைத்தான் குடிச்சா. கிட்னி ரெண்டும் போய்த்தான் மௌத்தானா. பைப்ப வெச்சதுக்குப் பொறகுதான் தண்ணிய சோதிச்சாங்க. குடிக்கவே கூடாதாம்.”

“அப்ப மூடிவிடலாமே?”

“மூடினா அவக்கு என்ன போய்ச் சேரும்? தொழப் போறவங்க கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கட்டும் எண்டு விட்டிருக்கன். சவர்க்காரம் நுரைக்காது, ஆனா ஒளு கூடும்தானே. அஸர் தொழுகை நேரம், நீங்களும் எடுங்க.”

“ஓம் காக்கா” என்று கைகளைக் கழுவுகிறேன். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை அள்ளும்போது அவர் கிட்ட வருகிறார்.

“விழுங்கிராதீங்க, தம்பி.”

நான் துப்பி முடிக்கும்வரை அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.