கொச்சி வரை வழியனுப்பப் போன கதை

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் கிளம்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சேதி வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. கூட்டினால் போனவரின் வழியையே பெருக்கித் தள்ளியது போலாகிவிடுமாம். மேலப்பாளையத்தில் பல வீடுகளில் இது இருக்கிறது. துபாய்க்கும் சவூதிக்கும் போகிறவர்கள் என்றால் சிரமமில்லை. மறுநாள் காலையில் போன் வந்துவிடும், வாரியலைக் கையில் எடுத்துக் கூட்டிவிடலாம். சிக்கல் என் வீட்டுக்காரர் விஷயத்தில்தான். அவர் சொகுசுக் கப்பலில் துணி துவைக்கிற லாண்டரியில் வேலை பார்க்கிறார். கப்பலில் இருக்கிற மனுஷன் எப்போது போய்ச் சேர்ந்தார் என்று சொல்வது?

மாமி, அதாவது அவருடைய அம்மா, இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். கப்பலில் ஏறிய பிறகு வரும் முதல் போன்தான் கணக்கு. ஒரு தடவை அந்தப் போன் வர வாரக்கணக்கில் ஆகிவிட்டது. கூடத்தில் எறும்பு சாரை சாரையாகப் போனது. பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு, என்ன, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறியளா என்று கேட்டார். மாமி அசையவில்லை. நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பையைத் தாண்டித் தாண்டிப் போவேன்.

எனக்கு இருந்த குறை வேறு. பத்து வருஷத்துக்கு மேலாக அவரை வழியனுப்பியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் திருநெல்வேலி ஜங்ஷன் வரைதான். ரயில் நகரும், கையை ஆட்டுவேன், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு அவரை நினைக்க உட்கார்ந்தால் மனசு பிளாட்பாரம் வரை போய் நின்றுவிடும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், எங்கே படுக்கிறார், ஒன்றும் தெரியாது. போட்டோ கேட்டால் கம்பெனிக்காரர்கள் போடுகிற விளம்பரப் படத்தை அனுப்புவார். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், அவர் மட்டும் அதில் இருக்கமாட்டார். நானோ சமூக அறிவியல் டீச்சர். இந்திய வரைபடத்தில் துறைமுகங்களைக் குறி என்று வருஷா வருஷம் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவள். நிஜத்தில் ஒரு துறைமுகத்தின் கதவைக்கூடப் பார்த்ததில்லை.

வழக்கமாக அவர் சென்னைக்கோ மும்பைக்கோ போய் விமானம் ஏறி, எந்த நாட்டிலோ கப்பலைப் பிடிப்பார். இந்த முறை கப்பல் கொச்சிக்கு வருகிறது, அங்கேயே ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட உடனே, நானும் வருவேன் என்றேன். மாமிக்குப் பிடிக்கவில்லை. பொம்பளை தனியாக எப்படித் திரும்பி வருவாள் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். அதையும் பாதிதான் சொல்வார். அன்றைக்கு யாரும் கேட்காமலேயே, "வரட்டும்மா" என்றார். மகள் கல்லூரி விடுதியில் இருந்ததால் வீட்டில் மாமியும் கூட்டாத தரையும் மட்டும் பாக்கி.

கொச்சிக்கு ராத்திரி வண்டி இருக்கிறது. படுத்தால் காலையில் அங்கே எழுந்துவிடலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தூங்கிக்கொண்டே போவதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். அதனால் காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, தென்காசியில் இறங்கி, மதியத்துக்கு மேல் வருகிற கேரளத்து வண்டிக்கு மாறுவது என்று முடிவானது. அவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் போய் டிக்கெட் எடுத்துவிட்டு வந்தார்.

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வண்டி நின்று நின்று போனது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. நான் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கப்பலில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வரும்? கடல் தண்ணியைத்தான் சுத்தம் பண்ணுவாக. நோன்புக்கு விடியும் முன்னே சாப்பிடுகிற ஸஹர் சாப்பாடு யார் தருவார்? சமையக்காரன் சேக்காளி, எடுத்து வைப்பான். தொழ நிற்கிற திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? போன்ல பாப்போம், பாதித் தொழுகையில கப்பல் திரும்பிரும். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தென்காசி ஸ்டேஷனில் காத்திருந்தபோதுதான் மாமி கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தார். மாமி ஒவ்வொரு பயணத்துக்கும் உப்புக்கண்டம் வறுத்து, எண்ணெய் வடித்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கொடுப்பார். கப்பலில் வைத்து மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று. இவரோ பெஞ்சில் உட்கார்ந்து அதைக் காலி செய்ய ஆரம்பித்தார். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். என்ன இது என்றால், வெளிச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் விடமாட்டார்களாம். பத்து வருஷமாக விடவில்லையாம். பத்து வருஷமாக இப்படி வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு, ஊருக்கு வரும்போது கழுவிய டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. இதையே சொல்லாதவர் இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாரோ என்று கோபம் வந்தது. அதே சமயம் அடுத்த துண்டுக்கும் கை போனது, மாமியின் பக்குவம் அப்படி.

செங்கோட்டையில் எங்கள் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டினார்கள். மலை ஏற ஒன்று இழுக்க, ஒன்று தள்ள. நான் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டி கிளம்பியதும், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். "உங்க ரூம் ஜன்னல் கப்பலுக்கு எந்தப் பக்கம் இருக்கு? வலதா, இடதா?" கப்பல் கிளம்பும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டலாம் என்று என் எண்ணம்.

பகவதிபுரம் தாண்டி வண்டி குகைக்குள் நுழைந்தது. நீளமான குகை. பெட்டிக்குள் விளக்குகள் மட்டும் எரிந்தன, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, இரும்புச் சத்தம் நாலு பக்கமும் மோதியது. பிள்ளைகள் ஊளையிட்டார்கள். அவர் என் காதருகே குனிந்து பேசினார்.

"இப்படித்தான் இருக்கும்."

"எது?"

"எங்க எடம். லாண்டரி கீழ, தண்ணி மட்டத்துக்கும் கீழ இருக்கு. ஜன்னல் கெடையாது. படுக்குத ரூம்லயும் கெடையாது. லைட்டு எரியும், மெஷின் ஓடும். வெளிய பகலா ராத்திரியான்னு கடியாரத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்பம் கப்பல் கெளம்புறது எப்படித் தெரியும்?"

"தரை பைய நடுங்கும். கால்ல தெரியும். கெளம்பிட்டுன்னு நெனச்சுக்கிட்டு வேலையப் பாப்போம். இத்தன வருஷத்துல ஒரு தடவகூட அது கெளம்புறத நான் பாத்ததில்ல."

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. எதிரே காடு, பச்சை, மழைத் தூறல். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கேள்விகளை நிறுத்திக்கொண்டேன். ஏன் விளம்பரப் படத்தையே அனுப்பினார் என்று இப்போது புரிந்தது. புரிந்ததும் வருத்தமாக இருந்தது. எர்ணாகுளம் வரும்வரை நான் அவர் கையை விடவில்லை.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் ஏஜெண்டின் வேன் வாசலில் நின்றது. அதற்கு அப்பால் வேலையாட்களுக்கு மட்டும்தான் அனுமதி. சுவரும் கொட்டகையும் மறைத்துக்கொள்ள, கப்பலின் புகைபோக்கி மட்டும் மேலே தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு புகைபோக்கியைப் பார்ப்பதற்கா என்று எனக்கு ஆத்திரம். அவர் பையைத் தூக்கித் தோளில் போட்டார். பயணம் சொல்லிக்கொண்டோம். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார், பார்த்தால் நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மதிய வண்டிக்கு எனக்கு டிக்கெட் எடுத்திருந்தது. கிளம்ப மனசில்லாமல் நிற்பதைப் பார்த்து வேன் டிரைவர் விசாரித்தார். மலையாளம் கலந்த தமிழில் ஒரு தகவல் சொன்னார். கப்பல் மாலையில்தான் கிளம்பும். கடலுக்குப் போக ஒரே வழி, ஃபோர்ட் கொச்சிக் கரையை ஒட்டித்தான் போக வேண்டும். சீன வலை கட்டியிருக்கிற இடத்தில் போய் நில்லுங்கள், அடுத்த தெருவில் பஸ் போவது போல அவ்வளவு கிட்டத்தில் போகும் என்றார்.

டிக்கெட் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். தங்கியிருந்த லாட்ஜிலேயே இன்னும் ஒரு ராத்திரிக்குச் சொல்லிவிட்டு, மாமிக்குப் போன் செய்தேன். நாளைக்குத்தான் வருவேன் என்றேன். கதவை உள்ளே நன்றாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரருக்கும் ஒரு ஆடியோ அனுப்பினேன், நான் போகவில்லை, கரையில் நிற்பேன் என்று.

படகில் அக்கரை போய், சாயங்கால அஸர் தொழுகை நேரத்திலிருந்தே நின்றேன். வலைக்காரர்கள் மீனை அள்ளினார்கள், பூனைகள் சுற்றின, சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்தார்கள். சூரியன் இறங்கிய பிறகு ஒரு சின்ன இழுவைப் படகு வந்தது. அதன் பின்னால், மரங்களுக்கு மேலே, ஒரு தெருவே நகர்ந்து வந்தது. அப்படித்தான் இருந்தது. மாடி மாடியாக, பால்கனி பால்கனியாக, எல்லாவற்றிலும் விளக்கு. இவ்வளவு பெரிய பொருளுக்குச் சத்தமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மேலே நின்ற ஜனங்கள் கையாட்டினார்கள், கரையில் நின்றவர்களும் ஆட்டினார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் கீழே பார்த்தேன். தண்ணீரை ஒட்டிய பாகத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை, வெறும் வெள்ளை இரும்பு. அதுவும் தண்ணீருக்கு மேலே தெரிகிற இரும்பு. அவர் இருக்கிற இடம் அதற்கும் கீழே, அலைக்கு அடியில். அங்கே பார்த்துக் கையை ஆட்டினேன். பக்கத்தில் குழந்தையோடு நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே ஆட்டினேன். இந்த நிமிஷம் தரை நடுங்கியிருக்கும், காலில் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கப்பல் திரும்பிக் கடலுக்குள் போய்ச் சின்னதாகும்வரை நின்றுவிட்டுப் படகுத்துறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் அதே வழியில் திரும்பினேன். ஆரியங்காவு பக்கம் வரும்போது போன் அடித்தது. கப்பலின் வைஃபையில் பேசுகிறார், குரல் விட்டு விட்டு வந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார். கேள்வி கேட்கிற பழக்கமே இல்லாத மனுஷன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். இழுவைப் படகு, மரத்துக்கு மேலே வந்த மாடிகள், கையாட்டிய ஜனங்கள், சத்தமில்லாமல் போனது, ஒன்று விடாமல் சொன்னேன். கீழே பார்த்துக் கையாட்டியதையும் சொன்னேன்.  அவர் இன்னொன்றும் கேட்டார்.

"லைட்டெல்லாம் போட்டிருந்தாகளா?"

"எல்லாம் போட்டிருந்தாக" என்றேன். வண்டி குகைக்குள் நுழைந்து பேச்சு அறுந்தது.

இந்த முறை குகையில் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. காலைத் தரையில் நன்றாக ஊன்றி வைத்துக்கொண்டேன். நடுக்கம் தெரிந்தது.

செங்கோட்டையில் வண்டி நின்றபோது மாமியின் போன். மூன்று நாளாக வீடு கிடக்கிற கிடை அவர் குரலிலேயே இருந்தது. "ஏளா, அவன் போய்ச் சேந்துட்டானா இல்லியா? வீட்டைக் கூட்டவா, வேண்டாமா?"

கப்பல் அந்நேரம் நடுக்கடலில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"கூட்டுங்க மாமி" என்றேன். "அவுக எங்கன இருக்காகன்னு எனக்குத் தெரியும்."

போனை வைப்பதற்குள் வாரியல் சத்தம் கேட்டது.