ஐஸ்லாந்தில் வள்ளக் கொட்டகை கண்ட பிலோமினா அக்கா

சென்ற வியாழக்கிழமை காலை, துறைமுகச் சாலையில் ஒரு கிடங்குக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவின் தம்பி சேவியர் கைப்பேசியில் அழைத்தார். “சாமுவேலு, அக்கா விடியக்காலம் தவறிட்டாவ. ஆலந்தலைக்குத்தான் கொண்டு போறோம். வந்துரு” என்றார். கருவியை மடக்கி வைத்துவிட்டேன். அன்று வேறு அளவு எடுக்க மனம் வரவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முனைவர் பிலோமினா ஆலந்தலையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்வேயிலிருந்து கப்பலேறிப் போய் ஐஸ்லாந்தில் குடியேறிய மக்களின் வீடுகளைத் தேடி அகழ்ந்த தொல்லியல் ஆய்வாளர். அவ்வளவு தூரம் போய் என்னத்தைத் தோண்டுகிறாய் என்று கேட்காத உறவினர் இல்லை. “கடக்கரையில ஆளு எப்படிப் பொழைச்சாவன்னு பாக்கேன். அது எந்தக் கடலா இருந்தா என்ன?” என்பார்.

நான் சாயர்புரத்துக்காரன். நில அளவையாளனாக உப்பளங்களை அளந்துகொண்டிருந்தவன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர மேடு ஒன்றை அளக்க அக்கா என்னை அழைத்தார். என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தவர், “இங்கன மட்டும் ஏன் புள்ளி இல்ல?” என்று கேட்டார். உடைமுள் புதர், உள்ளே போக முடியவில்லை என்றேன். யாரிடமோ அரிவாள் வாங்கி வந்து தாமே முள்ளை வெட்டி ஒதுக்கினார். “இப்ப எடு” என்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு கோடைக்கு ஐஸ்லாந்து வரச்சொல்லி அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

அங்கே அந்தக் காலத்தில் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கித்தான் சுவர் எழுப்பினார்கள். இன்று அவை புல் மூடிய தாழ்ந்த வரப்புகளாகக் கிடக்கின்றன. கரையோரம் அப்படி இரண்டு வரப்புகள் இருந்தன. குழுத் தலைவரான நார்வே பேராசிரியர் அந்த இடத்தை மாட்டுக்கொட்டில் என்று குறித்திருந்தார். அக்கா அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். கடல் பக்கம் சுவரே இல்லை. என்னிடம் திரும்பி, “ஏல, மாட்டை எவனாவது உப்புக் காத்துக்கு மூஞ்சியக் காட்டிக் கட்டுவானா? இது வள்ளம் ஏத்துத இடம்லா” என்றார்.

பருவம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அங்கே தோண்டினால், நாங்கள் அகழ்ந்துகொண்டிருந்த பெரிய வீட்டு வேலைக்கு ஆள் குறையும். பேராசிரியர் தயங்கினார். தவறாக இருந்தால் அடுத்த ஆண்டு தம்மை அழைக்க வேண்டாம் என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் ஒப்புக்கொண்டார். தோண்டத் தொடங்கி மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் பிற்பகலில் துருவேறிய இரும்பாணி ஒன்று வந்தது. அதையடுத்து, ஒரு சாண் இடைவெளியில் இன்னொன்று. மாலைக்குள் பதினேழு. பலகை மக்கிப்போய், அதை இணைத்த ஆணிகள் மட்டும் படகின் வளைவிலேயே கிடந்தன. பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார். அக்கா தேநீர் கேட்டார்.

ஊர் திரும்பியபின் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொட்டகை முதல் குடியேறிகள் கட்டியது என்று அக்கா கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார். முதல் குடியேறிகளின் காலம் முடியும்போது விழுந்த எரிமலைச் சாம்பல் படிவு ஒன்று அதற்கு ஆதாரம். அந்தச் சாம்பல் சுவரின் அடிக்கு மேலே இருந்தால் கொட்டகை முதல் குடியேறிகளுடையது. கீழே இருந்தால் பேரப்பிள்ளைகள் காலத்தது. சாம்பல் ஒரு குழியிலும் சுவர் அடுத்த குழியிலும் இருந்ததால், இரண்டின் உயரத்தையும் இணைத்தது என் மட்டக்கணக்கு மட்டுமே. அதில் ஓர் எண்ணை நான் தவறாகப் பெயர்த்து எழுதியிருந்ததைப் பிறகுதான் கண்டேன். சாம்பல் கீழேதான் இருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் குறிப்பேட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா எண்களைத் தாமே மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தார். முகம் வாடித்தான் போயிற்று.

“எப்பம் கண்டுபிடிச்ச?”

“முந்தாநாள், அக்கா.”

“அப்பம் ரெண்டு நாளு தூங்கிருக்க மாட்ட. போய்த் தூங்கு.”

அன்றே பேராசிரியருக்கும் இதழுக்கும் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. என் தவறு என்று எழுதுங்கள் என்று நான் மன்றாடியபோது, “கட்டுரையில கையெழுத்துப் போட்டது யாரு? கணக்கைச் சரிபாத்திருக்க வேண்டியது நான்” என்றார். திருத்திய கட்டுரை வெளிவந்தது. மறு கோடையில் கரையோர அகழாய்வு முழுவதையும் பேராசிரியர் அக்காவின் பொறுப்பிலேயே விட்டார். அக்காவும் என்னையே கூட்டிப்போனார். பிறகு ஆறு கோடைகள் சேர்ந்து வேலை செய்தோம். ஒவ்வொரு மாலையும் அன்றைய எண்களை நான் வாசிக்க அவர் எழுதுவார். அவர் வாசிக்க நான் சரிபார்ப்பேன்.

கடைசி ஓராண்டு நோய் அவரை வீட்டிலேயே இருத்தியது. அப்போதும் அகழாய்வு அறிக்கையின் இறுதிப் பகுதியைச் சொல்லச் சொல்ல எழுத வைத்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை ஆலந்தலைக் கல்லறைத் தோட்டத்தில், கடலிலிருந்து நேரே வந்தவர்கள் இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்றார்கள். பெட்டியை இறக்குமுன் குழிக்குள் பார்த்தேன். மேலே வெள்ளை மணல். அதன் கீழே நான்கு விரல் கனத்தில் சிப்பி ஓடுகள். அதற்கும் கீழே கறுத்த மண். சேவியர் என் தோளைத் தொட்டார்.

“என்ன பாக்க?”

“அக்கா இங்கன நின்னிருந்தா, சித்த பொறுங்கன்னு சொல்லிட்டு மண்ணடுக்கப் பாக்க உள்ள எறங்கிருப்பாவ.”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். நானும் ஒரு கைப்பிடி மணல் போட்டேன். நல்லபடியாகப் போங்கள், அக்கா.