அக்காவின் லெப்டாப்புக்கு லினக்ஸ் போட்ட சனிக்கிழமை

நான் ஏர்கோன், அதாவது ஏசி, போடுகிறவன். பாடாங் செராய் வட்டாரத்தில் நான் ஏறாத கூரை இல்லை, கழற்றாத மோட்டார் இல்லை. இதைச் சொல்லும்போதே என் குரலில் ஒரு பெருமை வந்துவிடும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மற்றதைச் சொல்லக் கூச்சம் கொஞ்சம் குறையும். எந்த இயந்திரமானாலும் திறந்து பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் அக்காவின் லெப்டாப்பில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்தேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அதே லெப்டாப்பில் அவளுக்குப் பரீட்சை.

அக்கா பத்தொன்பது வருடமாகக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஓடிவரும் கையுறைகளில் ஓட்டை, பிசிறு, ஒட்டல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. வீட்டுக்கு வந்தால் அவள் வேறு ஆள். கோவில் அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, நன்றி நவிலல், எதுவானாலும் எங்கள் தாமான் குடியிருப்பில் தமிழில் தட்டித் தருவது அவள்தான். தட்டும்போதே இரண்டு வாக்கியத்தைத் திருத்தி அழகாக்கியும் கொடுப்பாள். டிவி நிகழ்ச்சிகளின் அடியில் ஓடும் கீழ்வரியைத் தமிழில் எழுதும் நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே எழுத ஆள் தேடுகிறது என்று எங்கேயோ பார்த்து விண்ணப்பம் போட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள். இணையத்தில் தட்டச்சுப் பரீட்சை, கணினியில்தான் எழுத வேண்டும், கைபேசி செல்லாது, ஒரே வாய்ப்பு. தேறினால் அன்றே சொல்லிவிடுவார்கள்.

லெப்டாப்போ பழசு. முந்தின நாள் பயிற்சி எடுக்கும்போது மூன்று தடவை உறைந்து நின்றது. பாசார்ச் சந்தைப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். "பழைய சிஸ்டத்த அழிச்சிட்டு லினக்ஸ் போட்டுப் பாரு தம்பி, பழைய லெப்டாப்பும் பறக்கும். அரை மணி நேர வேலைதான் லா," என்றார். அரை மணி நேரம் என்ற வார்த்தை மட்டும் என் காதில் தேனாக இறங்கிவிட்டது.

"டேய், மூணு மணிக்குள்ள ஆவுமா ஆவாதா? அத மட்டும் சொல்லு," என்றாள் அக்கா.

"நீ குளிச்சிட்டு வா. ரெடியா இருக்கும்."

அவள் குளித்துவிட்டு வந்தபோது நான் கீபோர்டு தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இருந்தேன். நீளமான பட்டியல். உலகத்தில் இத்தனை வகைக் கீபோர்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாமோ மலேசியாக்காரர்கள். மலாய் என்று ஒன்று இருந்தது. யோசிக்காமல் அதை அழுத்தினேன். கீழே ஒரு சின்னக் கட்டம், இங்கே தட்டிச் சோதித்துப் பார் என்றது. தட்டினேன். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வளைவு வளைவாக எழுத்துகள் ஓடின.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இது கடை போர்டுல எல்லாம் இருக்குமே, மலாய்க்காரங்க எழுதுற ஜாவி எழுத்து. நான் கீழ்வரி யாருக்கு எழுதப்போறேன்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டம் நிறைய ஜாவியில் நான் என்ன எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்த் தமிழ் என்பதை அழுத்தினேன். தமிழ்ப் பரீட்சைக்குத் தமிழ்க் கீபோர்டு, இதைவிடச் சரி என்ன இருக்க முடியும்? கட்டத்தில் தமிழ் எழுத்து வந்தது. நான் நாற்காலியிலேயே ஓர் ஆட்டம் போட்டேன்.

அடுத்த பக்கம் வைஃபை. பட்டியல் காலி. எங்கள் வைஃபையும் இல்லை, பக்கத்து வீட்டு வைஃபையும் இல்லை. என் கைபேசியில் எல்லாம் முழுசாக வருகிறது, லெப்டாப் மட்டும் கண்ணை மூடிக்கொண்டது. நான் மோடத்தை அணைத்துப் போட்டேன். ஏணி எடுத்துப் போய் வாசலில் வரும் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். கம்பிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஏணி ஏறினால் எனக்கு மூளை வேலை செய்யும்.

அன்று பார்த்துக் கடையை மூடிவிட்டு அண்ணன் சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேறு கணினிக்கு வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"அண்ணே, வைஃபை லைன் வரல!"

"கேக்கல தம்பி, தாலி கட்டப்போறாங்க!"

"லைன் வரல அண்ணே!"

"ஹேன்ட்போன கேபிள்ல மாட்டி அதுலேர்ந்து எடு!" என்று கத்தினார். அதற்குள் கெட்டிமேளம் கொட்டி, போன் அறுந்துபோனது.

மாட்டினேன். கைபேசி சந்தோஷமாகச் சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான். அது சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள். வீட்டில் இருந்த நாலு கேபிளையும் மாட்டினேன், நாலும் அதே ஜாதி. சரி, லைன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போனேன்.

பெயர் கேட்கும் பக்கம். அக்காவின் பெயரைத் தமிழில் தட்டினேன். சின்ன ஆங்கில எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று சிவப்பில் திட்டியது. மறுபடி அண்ணன். இப்போது பந்தியில் இருந்தார், மென்றுகொண்டே பேசினார். "நம்ம நாட்டுல விக்கிற கீபோர்டு எல்லாம் அமெரிக்காக்காரன் கீபோர்டுதான் தம்பி. அதையே போடு. தமிழ அப்புறம் லைன் வந்ததும் எறக்கிக்கலாம்."

பின்னால் போய் அமெரிக்காவை அழுத்தினேன். பெயரைத் தட்டினால் எல்லாம் பெரிய எழுத்து. மறுபடி திட்டு. கேப்ஸ் லாக் விசையை அழுத்தினேன், சின்ன எழுத்தானது. பார்த்தாயா என்று அக்காவைப் பார்த்தேன். கடவுச்சொல்லை இரண்டு முறை போடச் சொன்னது. போட்டேன். இரண்டும் ஒன்றாக இல்லை என்றது. மறுபடி போட்டேன். இல்லை. அக்கா போட்டாள். இல்லை. திரையில் புள்ளிகள் மட்டும்தான் தெரியும், எந்த எழுத்து விழுகிறது என்று யாருக்குத் தெரியும்?

மணி ஒன்றரை. அக்காவின் பத்தொன்பது வருடத்துக்கு ஒரு கதவு திறந்தது, அதை நானே இழுத்துச் சாத்திவிட்டேன் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை. லெப்டாப்பைத் திட்டினேன், லினக்ஸைத் திட்டினேன், கல்யாண மாப்பிள்ளையைக்கூட விடவில்லை.

"நவுரு," என்றாள் அக்கா.

"உனக்கு என்னக்கா தெரியும் இதுல?"

"எங்க பேக்டரி லைன்ல மிஷின் நின்னுச்சுன்னா டெக்னிஷியன் வர்றதுக்குள்ள கைய வச்சி ஒரு சுத்து தடவிப் பாப்போம். பாதி நேரம் அங்கேயே தெரிஞ்சிரும். நீ காலையிலேர்ந்து வாயால பாத்துட்ட. இப்ப நான் கையால பாக்குறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். நிஜமாகவே மூடிக்கொண்டாள். ஒவ்வொரு விசையாக விரல் நுனியால் மெதுவாக அழுத்தி விட்டாள். எனக்குச் சிரிப்பாகவும் பயமாகவும் இருந்தது. இடப்பக்க ஷிப்ட் விசையில் விரல் நின்றது. "இது எறங்குது, சில நேரம் ஏற மாட்டேங்குது. சொரசொரன்னு இருக்கு." பிறகு லெப்டாப்பின் ஓரத்தைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தாள். முன்பக்க விளிம்பில் மறுபடி நின்றாள். "இங்க என்னமோ குட்டியா இருக்கு. தள்ளுற பொத்தான் மாதிரி."

குனிந்து பார்த்தேன். வைஃபையை அணைத்துப் போடும் சின்னத் தள்ளுபொத்தான். மேலே மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "பாத்தியாக்கா! உன் ஆயுத பூசை! மிஷினுக்கெல்லாம் சந்தனம் அப்பாத அப்பாதன்னு சொன்னா கேக்குறியா?"

அக்கா கண்ணைத் திறந்து என்னை நிதானமாகப் பார்த்தாள். "இந்த வருசம் ஆயுத பூசைக்கு நான் ஷிப்ட்ல இருந்தேன்."

அன்று பூசை போட்டது நான்தான். மோட்டார், ஏணி, வாஷிங் மெஷின், கேஸ் பம்ப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பக்தி தலைக்கேறி, லெப்டாப்பைத் திறந்து, உழைப்பதெல்லாம் இந்த விசைகள்தானே என்று கீபோர்டின் நாலு மூலைக்கும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். முன் விளிம்பில் விபூதிப் பட்டையோடு நடுவில் பெரிய பொட்டு வேறு. மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் நானே. அந்தத் துடைப்பில்தான் பொத்தான் நகர்ந்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு வாரம் வெளியூர் வேலை, எனக்கு அது ஞாபகமே இல்லை.

"எனக்கும் இன்னிக்குத்தான் லைன் இல்லன்னு தெரியும்," என்றாள். "பயிற்சிக்கு லைன் வேணாம். ஷிப்ட் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. பழசாச்சேன்னு வலது பக்கத்து ஷிப்ட்டையே அழுத்திக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். மணி ஒன்றே முக்கால், பரீட்சைக்கு ஒன்றேகால் மணி நேரம், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நான் என் தொழிலுக்கு வந்தேன். மெல்லிய திருப்புளியால் ஷிப்ட் விசையை நெம்பி எடுத்தேன், ஏர்கோன் துடைக்கும் ஸ்பிரிட்டில் பழைய பல்தூரிகையை நனைத்து உள்ளே தேய்த்தேன். அக்கா ஊதி ஊதிக் காயவைத்தாள். மாட்டினால் டக் என்று இறங்கி டக் என்று ஏறியது. பொத்தானைத் தள்ளினேன். திரையில் எங்கள் வைஃபை, பக்கத்து வீடு, எதிர்வீடு, மூலைச் சாப்பாட்டுக்கடை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கடவுச்சொல் முதல் தடவையே பொருந்தியது. இரண்டு இருபதுக்குப் புதுத் திரை எழுந்தது. அக்கா பழகியிருப்பது ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் முறை. ஷிப்ட் இல்லாவிட்டால் அதில் ‘ள’ இல்லை, ‘ண’ இல்லை. அந்தத் தமிழை லைனிலிருந்து இறக்கி, அவள் ஒரு பக்கம் தட்டிப் பார்த்து முடிக்க மணி இரண்டு ஐம்பது.

"வெளிய போ," என்றாள். "நீ மூச்சு விட்டாலும் எனக்கு எழுத்து தப்பும்."

வாசலில் ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாகத் தட்டும் சத்தம் மழை மாதிரி வந்தது. சத்தம் நின்றால் என் மூச்சும் நின்றது. மறுபடி தொடங்கினால் எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சை எனக்கில்லை என்பதே மறந்துபோனது. முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று.

"தம்பி."

உள்ளே ஓடினேன். திரையில் பச்சை நிறத்தில் தேர்ச்சி என்று இருந்தது. அடுத்த வாரம் கடிதம் அனுப்புவோம் என்று கீழே ஒரு வரி. அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிச் சொன்னேன், மூலைக்கடையில் சொன்னேன், நடுத்தெருவில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பாஸ்!"

"எது, லினக்ஸா அக்காவா?"

"ரெண்டும் அண்ணே!"

திரும்பி வந்தபோது அக்கா கைபேசியில் இருந்தாள். தொழிற்சாலை சூப்பர்வைசரோடு என்பது குரலிலேயே தெரிந்தது. "பாஸ், சாயா நாக் பெர்ஹெந்தி," என்றாள். வேலையை விடுகிறேன் என்று. நான் பதறிப்போய்க் கையை ஆட்டினேன், கடிதம் வரட்டும், கடிதம் வரட்டும். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

அந்தப் பக்கம் என்ன வேலை கிடைத்தது என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. "கெர்ஜா மெனுலிஸ்," என்றாள் அக்கா, மெதுவாக. அவருக்குக் கேட்கவில்லை. அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தபோது அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. "எழுதுற வேலைன்னு சொல்லிட்டேன்டா," என்றாள்.