தவக்காலத்தில் சோற்றை விட்டவள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காரில் வந்தார்கள். பிள்ளைப்பாக்கம் பக்கம் இருந்த நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு விற்ற காசில் வாங்கிய கார். பையனின் அம்மா எங்களுக்குத் தூரத்து உறவு, ஒரே கோயில் வேறு. வைத்த பஜ்ஜியை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா இந்தப் பொண்ணுக்குச் சோறு போட எங்க வூட்டுக் குண்டான் பத்தாது."

எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் அவனுக்கு மணிமங்கலத்தில் ஓர் ஒல்லிப் பெண் அமைந்தாள். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஈஸ்டர் முடிந்த மறுவாரம் தேதி குறித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார்கள். அன்றே முடிவு செய்தேன். அந்தக் கல்யாணத்தில் கொடி மாதிரிப் போய் அந்தம்மா முன்னால் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட பெண்ணை விட்டுவிட்டோமே என்று அவருக்கு வயிறு எரிய வேண்டும்.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் எனக்கு வேலை. ஆபீஸ் மேடம் ஒருவர் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையைப் படித்துவிட்டு இளைத்துக்கொண்டிருந்தார். வழி கேட்டேன். "சோறு, இட்லி, சர்க்கரை எதையும் தொடாதே. முட்டை, கறி, மீன் மட்டும் வயிறு நிறையச் சாப்பிடு" என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று காலை ஆரம்பித்தேன். கேன்டீன் தட்டில் சோற்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு கரண்டி முட்டைக்கோஸ் பொரியல்தான். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஈஸ்டர் வரை எங்கள் வீட்டுக்குள் கறி, மீன், முட்டை எதுவும் நுழையாது. ஊரே கறியை விட்டுச் சோற்றைத் தின்கிற காலத்தில், நான் சோற்றை விட்டுக் கறி தின்னக் கிளம்பியிருந்தேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்பார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் அவசர அவசரமாக விழுங்குவேன். லைனில் என் பக்கத்தில் நின்ற தூத்துக்குடிப் பெண் ஊரிலிருந்து வந்த கருவாட்டைப் பொரித்து எடுத்து வருவாள். "ஏட்டி, சோறில்லாம வெறுங்கருவாட்ட எப்படித் திங்க?" என்று பரிதாபப்படுவாள். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. ஒயர்களின் நிறமெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. "இன்னாமா, செவப்ப கொண்டுபோயி கறுப்புல சொருவி வச்சிகிற?" என்று சூப்பர்வைசர் கத்தினார். எனக்கு அந்தம்மாவின் சிரிப்புதான் காதில் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் உரித்துத் தின்ற முட்டையின் ஓடு என் பையில் இருந்ததை அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? சாமி பாடுபடுற காலத்துல முட்ட கேக்குதா ஒனக்கு?"

"நான் சோத்தயே வுட்டுட்டு இருக்கறேன்மா. நீங்க கறிய வுட்டுட்டு பலாக்காயில அதே மசாலாவ போட்டுத் திங்கிறீங்க. யாரு விரதம் பெருசு?"

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது முட்டை தின்றதைச் சாமியாரிடம் சொன்னேன். எதற்காகத் தின்றேன் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தம்மாவை மன்னித்துவிடு என்பார். மன்னிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

இளைத்தேன். ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்தேன். கல்யாணத்தன்று நீலப் புடவை கட்டிக்கொண்டு, பூசை முடிந்ததும் நேராக அந்தம்மா முன்னால் போய் நின்றேன். அவர் என் கன்னத்தைத் தொட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"அடிப்பாவி, எலும்பும் தோலுமா ஆயிட்டியே. எம்புள்ள கெடைக்கலன்னு இப்டியா சோறு தண்ணி இல்லாம கெடப்ப? ஒனக்கும் ஒருத்தன் வராமலா பூடுவான்."

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மாலையோடு பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் முகத்தில் பெருமை வழிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலை சுற்றச் சுற்ற வேலை பார்த்தது, அம்மாவிடம் திட்டு வாங்கியது, ஆசைப்பட்ட ஒரு இட்லியைக்கூடத் தொடாமல் இருந்தது எல்லாம் கடைசியில் அவனுக்காக ஏங்கியதாக ஆகிவிட்டது.

முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தேன். மட்டன் பிரியாணி. எனக்கு இப்போது கறி வேண்டாம், சோறுதான் வேண்டும். இலையில் வைத்ததை வழித்துத் தின்றேன். இரண்டாம் தடவை வாங்கி அதையும் தின்றேன். அவ்வளவு ருசியான சோற்றை அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

கல்யாண வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து விசாரிக்க வேண்டும் அல்லவா. அந்தம்மாவும் பட்டுப்புடவை சரசரக்க வந்தார். என் முன்னால் நின்று, "நல்லா சாப்டியாமா?" என்றார், அதே பரிதாபக் குரலில்.

"எங்க, அத்த? சோறே பத்தல" என்றேன். பந்தி முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பரிமாறுகிற ஆள் காலி வாளியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அந்தம்மாவுக்கு வேறு வழி இல்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"தே, இங்க வாப்பா. இந்தப் பொண்ணுக்குச் சோறு போடு. வாளி வேணாம், குண்டானையே தூக்கினு வா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துப்போனது. குண்டான் வந்தது. அவன் போடப் போட, நான் அந்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் என்று சொல்லவே இல்லை.