நத்தைக் கிண்ணத்தில் உறைந்த தயிர்

ஹாபூர் வல்லபதாஸ் சாண்டக்கின் வாய்க்கு விடுமுறையே கிடையாது. முப்பது வருடமாகக் கல் கிண்ணம் விற்கிறார். எங்கள் ஹாபூர் கிராமத்துக் கல்லில் பாலை ஊற்றி வைத்தால் உறைமோர் இல்லாமலே தயிராகிவிடும். வாங்க வருபவர் அந்த மட்டில் திருப்தியாகப் போய்விடுவார்; வல்லபதாஸ் விடமாட்டார். கல்லை ஆராய வந்த பேராசிரியர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கற்றதையெல்லாம் வாங்க வந்தவர் தலையில் இறக்குவார். இந்த மணல்காடு ஒரு காலத்தில் கடல், அடியில் செத்து விழுந்த சிப்பியும் நத்தையும் சேறோடு இறுகித்தான் இந்தச் சுண்ணாம்புக்கல் ஆனது என்று அவர் ஆரம்பித்தால் வாசலில் நிற்கும் ஒட்டகம்கூட நகர்ந்துவிடும்.

மகள் விம்லாவைப் பெண் பார்க்க ஜெய்சல்மேரிலிருந்து ராட்டி குடும்பம் வந்தது. வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. விம்லாவுக்கு மாப்பிள்ளையை ரொம்பவே பிடித்திருந்தது.

“இன்னைக்கு ஒரு நாள் அந்தக் கடலை வீட்டுக்குள்ள விடாதீங்க,” என்றாள் மனைவி ருக்மா.

“நான் ஏன் பேசப்போறேன்?”

மாப்பிள்ளையின் அம்மா கேசர்தேவி கல் கிண்ணத்தில் வைத்த தயிரை ருசித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். “சுருள் சுருளா எவ்வளவு அழகா பூ வேலை பண்ணியிருக்கீங்க.”

ருக்மா கண்ணைக் காட்டினாள். வல்லபதாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார். பாவம், மூன்று மூச்சு தாங்கினார்.

“பூ இல்லைங்க, நத்தை. செத்த நத்தை. பக்கத்துல இருக்கறது சிப்பி. இந்த ஒரு கிண்ணத்துலயே நாப்பது உசுரு இருக்கும்.”

கேசர்தேவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கணவர் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

“அப்ப சாவுத் தீட்டுலயா எங்களுக்குத் தயிர் வச்சீங்க?” என்றாள் கேசர்தேவி.

ருக்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முக்காட்டுக்குள் இருந்த விம்லாதான் கேசர்தேவியிடம் வாய் திறந்தாள். “அம்மா, அதுங்க செத்துப் பத்துக் கோடி வருசமாச்சு. பன்னிரண்டாம் நாள் காரியமெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும். இன்னும் ஏது தீட்டு?”

கேசர்தேவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். “முழுங்குங்க. உங்க வாயாடி அண்ணிக்குப் பதில் சொல்ல நம்ம வீட்ல இப்படி ஒருத்திதான் வேணும்,” என்று கரண்டியை எடுத்தாள்.

பத்துக் கோடி இல்லை, பன்னிரண்டு கோடி. திருத்துவதற்காக வல்லபதாசின் வாய் திறந்தது. மகள் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டது அவர் ஆயுளில் அந்த ஒரு முறைதான்.