சம்பந்தி மாமியின் கறுப்புக் கிமோனோ

என் மாமியார் ஜப்பானிலிருந்து ஒரே ஓர் உடைக்காகத் தனிப்பெட்டி கொண்டுவந்தார். கறுப்புப் பட்டுக் கிமோனோ. கீழ்விளிம்பில் மட்டும் பொன்னிறக் கொக்குகள், முதுகில் வெள்ளையில் குடும்ப முத்திரை. பிள்ளையின் கல்யாணத்தன்று தாய் உடுத்தும் உடை அது. அவருக்கு ஒரே பிள்ளை. அதனால் அந்த உடைக்கும் ஒரே நாள்தான்.

மும்பை மாட்டுங்கா மண்டபத்தில் விடியற்காலையிலேயே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் உடுத்திக்கொண்டு வந்தார். அவ்வளவு நிமிர்ந்து நடந்த சம்பந்தியை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் பார்த்ததில்லை.

முலுண்டிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என்னடி இது, கல்யாணத்துக்குப் போய்க் கறுப்பா? பாக்கறவா என்ன சொல்லுவா?"

"அவா ஊர்ல அதுதான் அத்தை மங்களம்" என்றேன்.

"அவா ஊர்ல இருந்துக்கட்டும். இது மாட்டுங்கா. கறுப்போட மணமேடைப் பக்கம் வரப்படாது."

கறுப்பு, கறுப்பு என்று அவள் புலம்பியது மண்டபத்துக்கே கேட்டது. அப்பாவோ வாத்தியாரிடம் ஏதோ அவசரமாகக் கேட்க வேண்டியவர்போல நழுவிவிட்டார். கடைசியில் மாப்பிள்ளைதான், பஞ்சகச்சத்தில் நின்றபடி, தன் அம்மாவிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மாமியார் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். எங்களிடம்!

தாலி கட்டும்போது அத்தை சுற்றிவிட்ட அரக்குப் புடவையில், நழுவும் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆல்பம் முழுக்க அந்தக் கோலம்தான். கிமோனோவில் ஒரு படம்கூட இல்லை. ஊரில் அவருடைய தங்கை படம் கேட்டபோது என்ன சொல்லிச் சமாளித்தாரோ.

இந்த வருஷம் பொங்கலன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. அத்தைதான். பில்டிங்கில் உள்ள மராட்டிக்காரப் பெண்களோடு சங்கராந்தி மஞ்சள் குங்குமத்துக்குப் போயிருக்கிறாள். அவர்கள் வழக்கப்படி கறுப்புப் பட்டு, தங்க ஜரிகை. கீழே எழுதியிருந்தாள்: "இன்னிக்குக் கறுப்புதான் விசேஷமாம். எல்லாரும் கட்டிண்டோம்." சொந்தங்கள் வரிசையாகப் பூங்கொத்து போட்டிருந்தார்கள், அப்பா உட்பட. மகா தாராளம்.

நான் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். என் கணவன் எட்டிப் பார்த்தான். படத்தை விரலால் பெரிதாக்கினான். அவனுக்குத் தமிழ் அதிகம் வராது.

"கறுப்பு" என்றான், சுத்தமாக. எங்கள் கல்யாணத்தன்று அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை.